மாட்டிக்கொள்ளத் தோன்றும் ஹெல்மெட்

மின்சார சைக்கிளுக்கு மாறியபோது என்னிடம் ஏற்கெனவே ஒரு நல்ல ஹெல்மெட் இருந்தது. பந்தயச் சைக்கிள்காரர்கள் அணியும் ரகம். எடை மிகக் குறைவு, மேலெல்லாம் காற்றுத் துளைகள், பின்பக்கம் கூராக நீண்ட வால். பாதுகாப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அலுவலக உடையில் நிமிர்ந்து உட்கார்ந்து, முன்கூடையில் கைப்பையை வைத்துக்கொண்டு போகிற ஒருத்திக்கும் அந்த ஹெல்மெட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தொலைவாகப் போகும்போது அதை மாட்டிக்கொள்வேன். தெருமுனை வரைதான் என்றால் கை அதன் பக்கம் போகத் தயங்கும்.

அந்தத் தயக்கத்தைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொண்டேன். ஹெல்மெட் வாங்கும்போது அழகையும் வசதியையும் பற்றிப் பேசினாலே, “உயிர் முக்கியமா, ஒப்பனை முக்கியமா?” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. ஈரத் தலை, அவசர வேலை, இப்போதுதான் வாரிய முடி என்று ஹெல்மெட்டுக்கு எதிராக ஒரு காரணம் தினமும் கிளம்பும். நெற்றியை அழுத்தும் ஹெல்மெட்டும், கண்ணாடியில் பார்த்தால் கூச வைக்கும் ஹெல்மெட்டும் அந்தக் காரணங்களுக்குத் துணை போகின்றன. எனவே தரச்சான்று உள்ளவற்றை மட்டும் முதலில் பிரித்துவிட்டு, அவற்றுக்குள் பிடித்ததைத் தேடுவது என்று முடிவு செய்தேன். இந்த வரிசை மாறக் கூடாது. பிடித்ததை எடுத்துவிட்டு அப்புறம் சான்று தேடினால், இல்லாத சான்றுக்கும் மனம் சமாதானம் சொல்லிவிடும்.

நான் பேசுவது, மிதிக்கும்போது மோட்டார் துணைக்கு வரும் சைக்கிளைப் பற்றி. கைப்பிடியை முறுக்கினால் பாயும் மின்சார ஸ்கூட்டர் என்றால் அதற்கு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்தான். அதில் பேரம் கிடையாது.

சைக்கிள்தானே என்று இதையும் சாதாரணமாக எண்ண முடியாது. ஐரோப்பிய விதிகளின்படி இந்த வண்டியின் மோட்டார் 250 வாட் வரைதான், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் துணை நின்றுவிடும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் மூன்று வகுப்புப் பிரிவில், முதல் இரண்டுக்கும் உச்சம் 32 கிலோமீட்டர், மூன்றாவதற்கு ஏறத்தாழ 45. நகரத்துக்குள் சாவகாசமாக மிதிக்கிறவர் 15-இல் போவார் என்று வைத்துக்கொண்டால், அவரே மோட்டாரின் துணையோடு சிரமமில்லாமல் 25-இல் போகிறார். மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் அது கிட்டத்தட்ட 2.8 மடங்கு. இதில் கவனிக்க வேண்டியது, உடம்புக்கு அந்த வேகம் தெரிவதில்லை என்பது. மூச்சு வாங்காது, கால் வலிக்காது. பந்தயக்காரருக்குத் தான் வேகமாகப் போவது தெரியும். நமக்குத் தெரியாது.

இனி அந்தச் சான்று. ஹெல்மெட்டின் உள்பக்கத்தில், பஞ்சுக்கு அருகே சின்னதாக ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். வண்ணத்தைப் பார்ப்பதற்கு முன் அதைப் படியுங்கள். ஐரோப்பியத் தரம் இஎன் 1078. அமெரிக்காவில் 1999 முதல் கட்டாயமாக இருப்பது, அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமான சிபிஎஸ்சியின் தரம். இஎன் 1078 சோதனையில், உலோகத் தலை மாதிரிக்கு ஹெல்மெட்டை மாட்டித் தட்டையான இரும்பின்மேல் விநாடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் மோத விடுகிறார்கள். ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். சிபிஎஸ்சி சோதனையில் உயரம் இரண்டு மீட்டர்.

ஒன்றரை மீட்டர் என்றதும் எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. அந்த மோதல் வேகத்தை மாற்றிப் பார்த்தால் மணிக்கு 20 கிலோமீட்டர்கூட வரவில்லையே, நான் 25-இல் அல்லவா போகிறேன் என்று தோன்றியது. ஆனால் கணக்கு அப்படியல்ல. சைக்கிளிலிருந்து சரிந்து விழும்போது தலை தரையை நோக்கி இறங்கும் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உயரம்தான். முன்னோக்கிய வேகம் தலையைத் தரையில் உரசி இழுத்துச் சுழற்றுகிறது. சோதனை அளக்கும் நேரடி மோதல் ஒன்று, இந்தச் சுழற்சி இன்னொன்று. காரின் பக்கவாட்டிலோ கம்பத்திலோ நேராக மோதினால் இந்த ஆறுதலும் செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சுழற்சிக்காக வந்ததுதான் மிப்ஸ் போன்ற அமைப்புகள். ஸ்வீடனில் நரம்பியல் அறுவை மருத்துவர் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்டும் ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கியது இது. ஹெல்மெட்டின் உள்ளே, பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில், மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று தெரியும். விழும்போது தலைக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை சறுக்க இடம் தந்து, சுழற்சியின் ஒரு பகுதியைத் தலைக்குப் போக விடாமல் தடுப்பது அதன் வேலை. வேறு நிறுவனங்கள் வேறு வழிகளில் இதையே செய்கின்றன. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2018 முதல் சைக்கிள் ஹெல்மெட்டுகளைச் சோதித்து நட்சத்திர மதிப்பீடு வெளியிடுகிறது. அதில் சுழற்சியும் கணக்கில் வருகிறது. அந்தப் பட்டியலில் விலை கூடியவை எல்லாம் மேலே இருப்பதில்லை என்பது பர்சுக்கு நல்ல செய்தி.

நெதர்லாந்தில் 2016-இல், 45 கிலோமீட்டர் வரை போகும் வேக ரக மின்சார சைக்கிள்களுக்கென்றே என்டிஏ 8776 என்று ஒரு தரம் வந்தது. இதில் தட்டையான இரும்பில் மோதும் வேகம் விநாடிக்கு 6.5 மீட்டர். நெற்றிப்பொட்டும் பிடரியும் கூடுதலாக மறைய வேண்டும் என்பதும் விதி. என் வண்டி 25-இல் நிற்கும் ரகம்தான், எனக்கு இது கட்டாயமில்லை. ஆனாலும் இந்தத் தரத்துக்குச் செய்த ஹெல்மெட்டுகள் பெரும்பாலும் நகரத்தில் ஓட்டுகிறவர்களை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்படுவதால், நான் தேடிய உருட்டலான, அடக்கமான வடிவம் அங்கேதான் அதிகம் கிடைத்தது. எடை கொஞ்சம் கூடுதல். கழுத்து அதைப் பொருட்படுத்தவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஸ்கேட்டிங் பலகைக்காரர்கள் அணிவது போன்ற உருண்டை ஹெல்மெட் இப்போது நகரத்துச் சைக்கிள்களிலும் நிறையத் தென்படுகிறது. ஒரே தோற்றத்தில் மூன்று விதமான பொருள்கள் விற்கின்றன. சைக்கிள் சான்று பெற்றவை, ஸ்கேட்டிங்குக்கு மட்டும் சான்று பெற்றவை, எந்தச் சான்றும் இல்லாத அலங்காரப் பொருள்கள். வெளியிலிருந்து பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. லேபிளில் சைக்கிளுக்கான தரத்தின் எண் இருக்க வேண்டும். வெறுமனே ‘உயர்தரம்’ என்று அச்சிட்டிருப்பதற்கு எந்த மதிப்பும் இல்லை.

சான்று பார்த்தாகிவிட்டது. அடுத்தது தலை. என் அனுபவத்தில் ஹெல்மெட் வசதியின் முக்கால் பங்கு இங்கேதான் தீர்மானமாகிறது. புருவத்துக்கு மேலே, காதுகளுக்கு மேலே, பிடரியின் புடைப்பைச் சுற்றி டேப்பால் அளந்தால் சுற்றளவு கிடைக்கும். அது அளவை மட்டும் சொல்லும், வடிவத்தைச் சொல்லாது. சிலருக்குத் தலை உருண்டை, சிலருக்கு முன்பின்னாக நீண்டது. ஹெல்மெட் நெற்றியிலும் பிடரியிலும் அழுத்தி, காதுக்கு மேலே விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டால், உங்கள் தலை அந்த ஹெல்மெட்டைவிட நீளம். பக்கங்களில் இறுக்கிப் பிடித்து முன்பின்னாக ஆடினால், உங்கள் தலை உருண்டை. இரண்டு நிலையிலும் அந்த மாடலை அப்படியே திருப்பி வைத்துவிட வேண்டியதுதான். “போடப்போடப் பழகிவிடும்” என்று விற்பவர் சொல்வார். செருப்புக்கு அது பொருந்தலாம். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் உங்கள் நெற்றிக்காக வளைந்து கொடுக்காது. தடித்த பஞ்சை வைத்து ஆட்டத்தைக் குறைக்கலாமே தவிர, அழுத்தும் இடத்தைக் குறைக்க முடியாது.

கடையில் நான் செய்து பார்ப்பது இது. பட்டையைப் பூட்டாமல், பின்பக்கத் திருகை மட்டும் முறுக்கிக்கொண்டு குனிந்து தலையை ஆட்டுவேன். ஹெல்மெட் விழக் கூடாது. அதற்குத் திருகை வலிக்கும் அளவுக்கு முறுக்க வேண்டியிருந்தால் அளவு தவறு. அடுத்து, முன்விளிம்பு புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்கிறதா என்று பார்ப்பேன். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவர்களில் பலர் ஹெல்மெட்டைப் பின்னுக்குச் சரித்து அணிகிறார்கள். முகம் முழுதாகத் தெரிகிறது, படத்துக்கும் நன்றாக இருக்கிறது. ஆனால் முன்பக்கமாக விழுந்தால் முதலில் அடிபடும் நெற்றி வெட்டவெளியில் நிற்கிறது. இரண்டு பக்கப் பட்டைகளும் காது மடலுக்குச் சற்றுக் கீழே சேர வேண்டும். பூட்டிய பிறகு தாடைக்குக் கீழே ஒன்றிரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் கூடாது. கடைசியாக வாயை அகலத் திறந்து கொட்டாவி விடுவேன். உச்சியில் ஹெல்மெட் லேசாகக் கீழே இழுபட்டால் பட்டையின் நீளம் சரி.

மூக்குக்கண்ணாடி அணிகிறவள் என்பதால் எனக்கு இன்னொரு சோதனையும் உண்டு. ஹெல்மெட்டை முதலில் மாட்டிக் கண்ணாடியைப் பிறகு செருக வேண்டும். கண்ணாடிக் காம்பு காதுக்குப் பின்னால் இறங்கும் இடத்திலேயே சில ஹெல்மெட்டுகளின் பின்பிடியும் வந்து உட்காரும். கடையில் அது தெரியாது. அரை மணி நேரத்தில் காதுக்குப் பின்னால் வலி தொடங்கும். இதற்காகவே நான் புது ஹெல்மெட்டை அட்டையைக் கிழிக்காமல் வீட்டில் மாட்டிக்கொண்டு வேலை பார்ப்பேன். சமையலறையில் ஹெல்மெட்டோடு நிற்பதைப் பார்த்து வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். கழற்றிய பின் நெற்றியில் சிவந்த தடம் ஓரிடத்தில் மட்டும் இருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். வரி முழுக்கச் சீராக லேசாகப் பதிந்திருந்தால் கவலையில்லை.

முடி நீளமானவர்களுக்குக் கொண்டை பெரிய சிக்கல். உச்சிக் கொண்டை போட்டால் ஹெல்மெட் தலையில் உட்காராமல் கொண்டையின் மேல் உட்காரும். பிடரிக்குக் கீழே தளர்வாகப் பின்னிக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவருகிறது. சில மாடல்களில் பின்பிடிக்குக் கீழே சடை வெளியே வரத் தோதாக இடம் விட்டிருக்கிறார்கள். போகிற இடத்தில் அலங்காரம் வேண்டுமென்றால் அங்கே போய்ச் செய்துகொள்வது என்று பழகிக்கொண்டேன்.

காற்றுத் துளை விஷயத்தில் என் கருத்து பொதுவாகச் சொல்லப்படுவதிலிருந்து மாறுபட்டது. நிறையத் துளைகள் இருந்தால்தான் குளிர்ச்சி என்பது உடம்பை வருத்தி மிதிக்கிறவர்களுக்குச் சரி. மின்சார சைக்கிளில் உடம்பு சூடேறுவது குறைவு. ஏற்றத்திலும் வண்டி நல்ல வேகத்தில் போவதால் காற்றும் தடைபடுவதில்லை. எனவே முன்பக்கம் தாராளமாக இரண்டு மூன்று துளைகளும், பின்பக்கம் காற்று வெளியேற வழியும், உள்ளே ஒன்றோடொன்று இணைக்கும் வாய்க்காலும் இருந்தால் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. உள்ளே வாய்க்கால் இல்லாமல் வெளியே மட்டும் துளை போட்ட ஹெல்மெட்டுகளும் உண்டு. திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். வெக்கை தெரிவது சிக்னலில் நிற்கும்போதுதான். உச்சி வெயிலில் கறுப்பு ஹெல்மெட் அப்போது தன் குணத்தைக் காட்டும்.

இனி தோற்றம். நான் முதலில் கொண்டுவந்து காட்டிய ஒரு மாடலைப் பார்த்து என் தங்கை, “அக்கா, தலையில் காளான் முளைத்த மாதிரி இருக்கிறது” என்றாள். வயிறு எரிந்தாலும் அவள் சொன்னது சரி. காளான் தோற்றம் எங்கிருந்து வருகிறது என்று அப்புறம் கவனித்துப் பார்த்தேன். ஒரே வெளிக்கூட்டை வைத்து, உள்ளே பஞ்சை மட்டும் மாற்றிப் பல அளவுகளாக விற்கிறார்கள். சிறிய தலைக்கும் பெரிய ஓடு. அளவுக்கு ஏற்ப வெளிக்கூடும் மாறும் மாடல்களில் இது நேர்வதில்லை. உங்கள் சுற்றளவு இரண்டு அளவுகளுக்கும் பொருந்தும் எல்லையில் இருந்தால், சிறியதை முதலில் போட்டுப் பாருங்கள். அழுத்தாமல் உட்கார்ந்தால் அதுவே பார்வைக்கும் அடக்கம். கண்ணாடியில் முன்பக்கம் மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். பக்கவாட்டிலிருந்து யாரையாவது படமெடுக்கச் சொல்லுங்கள். காதுக்கு மேலே விளிம்பு தலையோடு ஒட்டி இறங்குகிறதா, விலகி நிற்கிறதா என்பது பக்கத்திலிருந்துதான் தெரியும்.

நிறத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. மங்கல் கறுப்பு எல்லா உடைக்கும் பொருந்தும், அழுக்கும் தெரியாது, அதனால்தான் எங்கு பார்த்தாலும் அதுவே. ஆனால் அந்தி நேரத்தில் சாலையோடு கலந்து மறைந்துபோகும். நான் யானைத் தந்தத்தின் வெள்ளை நிறத்தை எடுத்தேன். உடைகளோடு சண்டை போடுவதில்லை, வெயிலில் கறுப்பைப் போலச் சூடாவதில்லை, இருட்டில் பின்னால் வருகிறவருக்குத் தெரிகிறது. அழுக்கானால் ஈரத்துணியால் துடைக்கிறேன். பெயின்ட் அடிப்பது, கண்ட கண்ட ஒட்டுப்படங்கள் ஒட்டுவது, தின்னர் வைத்துத் துடைப்பது ஆகியவை கூடாது. அவற்றில் உள்ள கரைப்பான்கள் ஓட்டையும் தெர்மாகோலையும் அரிக்கக்கூடும்.

ஹெல்மெட்டே வெளியில் தெரியக் கூடாது என்ற ஆசை எவ்வளவு பெரியது என்பதற்கு ஸ்வீடனில் ஒரு கதை இருக்கிறது. அன்னா ஹாப்ட், தெரேஸ் ஆல்ஸ்டின் என்ற இரண்டு மாணவிகள் 2005-இல் தங்கள் பட்ட ஆய்வாகத் தொடங்கியது ஹோவ்டிங். கழுத்துப்பட்டி போல அணிந்துகொண்டால், விழும் கணத்தில் காற்றுப்பை விரிந்து தலையைச் சூழ்ந்துகொள்ளும். முடி கலையாது, தொப்பி அணியலாம். அந்த நிறுவனம் 2023 டிசம்பரில் திவாலானது. எனக்கு அந்த யோசனை இன்றும் பிடித்திருக்கிறது. ஆனால் மின்கலத்தையும் உணர்கருவியையும் நம்பித் தலையைக் கொடுப்பதைவிடத் தெர்மாகோலை நம்புவது எனக்கு நிம்மதி.

யாரும் அதிகம் பேசாத ஒரு கேள்வி: வண்டியை நிறுத்திய பிறகு ஹெல்மெட் எங்கே இருக்கும்? கையில் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைவது எரிச்சல். வண்டியிலேயே பட்டையால் கட்டி வைத்தால் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துப் போவது எளிது. பூட்டுக் கம்பியை ஓட்டின் துளை வழியாகவே விட்டுப் பூட்டலாம். பந்தய ரகத்தில் துளை நிறைய இருப்பது இதற்கு மட்டும் வசதி. தௌசண்ட் என்ற நிறுவனம் தன் ஹெல்மெட்டுகளில் சின்னத்தைத் தள்ளினால் பூட்டு நுழையும் மறைவான துளையை வைத்திருக்கிறது. மடித்துப் பைக்குள் வைக்கும் ரகங்களும் கிடைக்கின்றன, அவற்றிலும் சான்று எண்ணைப் பார்க்க வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் ஹெல்மெட்டை விடாதீர்கள். அந்தச் சூடு தெர்மாகோலுக்கு ஆகாது.

கூடுதல் வசதிகளில் காந்தப் பூட்டு எனக்குப் பெரிதும் பிடித்தது. ஒரு கையால் பூட்டலாம், தாடைத்தோல் இடுக்கில் சிக்காது. பின்பக்கச் சிவப்பு விளக்கு நல்லது. கண் மட்டத்தில் தெரியும், ஆனால் அதைச் சார்ஜ் செய்ய நினைவிருக்க வேண்டும், வண்டியின் பின்விளக்குக்கு அது ஈடாகாது. குட்டையான முன்விளிம்பு தூறலில் கண்ணாடியைக் காக்கிறது. காதருகே பாட்டுப் போடும் ஒலிபெருக்கி வைத்தவற்றை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மின்சார சைக்கிள்காரருக்குப் பின்னால் வரும் வண்டியின் சத்தம்தான் முதல் எச்சரிக்கை.

பஞ்சைக் கழற்றிக் கழுவ முடிகிறதா என்றும், மாற்றுப் பஞ்சு தனியாகக் கிடைக்கிறதா என்றும் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். மிதமான சோப்பும் தண்ணீரும் போதும். ஒரு ஜோடி காயும்போது இன்னொன்று உள்ளே இருந்தால் வியர்வை நாற்றம் என்ற சாக்கும் போய்விடும்.

தெர்மாகோல் நசுங்கித்தான் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது, நசுங்கியது மீளாது. ஓட்டில் கீறல்கூட இல்லாமல் உள்ளே வெடித்திருக்கலாம். எனவே தலை அடிபட்ட விழுதலுக்குப் பின் ஹெல்மெட்டை மாற்ற வேண்டும். சில நிறுவனங்கள் விபத்துக்குப் பின் இலவசமாகவோ தள்ளுபடியிலோ மாற்றித் தருகின்றன, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விழாவிட்டாலும் ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்குள் மாற்றச் சொல்லி சிபிஎஸ்சி பரிந்துரைக்கிறது. தயாரித்த மாதம் உள்லேபிளில் இருக்கும். வேறொருவர் பயன்படுத்திய ஹெல்மெட் எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு மலிவாக வந்தாலும் நான் தொடுவதில்லை. அது எங்கே, எப்படி விழுந்தது என்று அதன் லேபிளில் எழுதியிருக்காது.